குளத்துக்குப் பொருள் சொன்ன வருஷம்

ஆனைமடைக் குளத்திலிருந்து நீர்க்காகங்கள் போன காலையில் ஊரில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை, கல்லூரியைத்தான் பார்த்தார்கள், ஏனென்றால் முந்தின நாள் மதியம் எஸ்தர் மிஸ் அவற்றுக்குப் பொருள் சொல்லிவிட்டார் என்பது அதற்குள் மீன் குத்தகைக்காரர் வரைக்கும் தெரிந்துபோயிருந்தது.

எங்கள் கல்லூரி குளத்துக் கரையிலேயே இருந்தது. தமிழ் படித்தவர்கள் நாங்கள் ஒன்பது பெண்கள். அந்த வருஷம் எங்கள் உரைநடைத் திரட்டில் புதிதாக ஒரு கட்டுரையைச் சேர்த்திருந்தார்கள், ‘மார்கழியில் ஒரு குளம்’ என்று, நாங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நிலம் அளக்க வந்து எங்கள் கரையில் கூடாரம் போட்டுத் தங்கிப் பின் எங்கோ போய்ச் செத்தும்போன ஒரு சர்வே அதிகாரி எழுதியது. அவர் பார்த்த குளம் எங்கள் குளம். அவர் எழுதிய நாரை நின்ற மடை எங்கள் மடை. மிஸ் ஒரு வாக்கியத்தை இரண்டு முறை வாசிப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார், பிறகு மெதுவாகச் சொல்லுவார், “இது வெறும் நீர்க்காகம் இல்லை.” கண்ணாடி கழன்றதும் நாங்கள் பேனாவை எடுத்துவிடுவோம். நீர்க்காகம் பேராசை என்றார் மிஸ், விழுங்கியதைச் செரிப்பதற்குள் அடுத்ததற்கு முங்குகிற மனம் என்றார், நாங்கள் எழுதினோம், மறுநாள் குளத்தில் நட்டிருந்த குச்சிகள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

மீன் குத்தகைக்காரர் சாமிக்கண்ணு இரண்டு விரால் மீனைத் தாமரை இலையில் சுற்றிக்கொண்டு மிஸ் வீட்டுக்கு வந்தார்.

“எட்டு வருஷமா வெடி வச்சுப் பாத்தேன், வலை கட்டிப் பாத்தேன். நீங்க ஒரு வார்த்தையில அனுப்பிட்டீகளே” என்றார்.

“நான் பாடம்தான் நடத்தினேன்” என்றார் மிஸ்.

“அப்படியே நடத்துங்க” என்றார் சாமிக்கண்ணு.

ஆனால் போனது பறவைதான், சொன்ன பொருள் போகவில்லை. அது அந்தக் குச்சிகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் வலை இழுத்தவர்கள் ஒருவர் கூடையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள், குஞ்சு மீனுக்கும் சண்டை போட்டார்கள், சாமிக்கண்ணுவின் இரண்டு மகன்களும் ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். சாமிக்கண்ணு அந்தக் குச்சிகளைப் பிடுங்கி எரித்தார். அதற்குப் பிறகு எரிந்த சாம்பல் கிடந்த இடத்தைச் சுற்றிச் சண்டை நடந்தது.

அடுத்தது நாரை. மடையடியில் ஒற்றைக் காலில் நின்ற அந்தச் சாம்பல் நாரையைப் பொறுமை என்று மிஸ் சொன்னார், சொல்லிவிட்டு நெடுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் அது பிடித்த பறவை. நாரை போன பிறகு மடையைத் திறக்கப் போன நீர்பாய்ச்சி முத்தையா மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி சாயங்காலம்வரை அங்கேயே நின்றார். என்ன செய்கிறீர் என்று கேட்டதற்கு “நிக்கேன்” என்றார். முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. ஊர் இதைப் புரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. கொழும்புக்குப் போன புருஷனிடமிருந்து கடிதாசி வராதவர்கள் அங்கே போய் நின்றார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார்கள், மருமகளைத் திட்டிக்கொண்டே வந்த மாமியார்கள் திட்டை மறந்து நின்றார்கள், பஞ்சாயத்தில் சொல்லிப் பஸ் நிறுத்தத்தையே மடையடிக்கு மாற்றிக்கொண்டார்கள், அதன் பிறகு பஸ் எப்போது வரும் என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அங்கே டீக்கடை போட்டவருக்கு மட்டும் கஷ்டம். டீ கேட்டுவிட்டு வாங்காமலே நின்றார்கள்.

பனியை மறதி என்று சொன்ன நாளிலிருந்துதான் ஊருக்குள் ஒரு கறுப்பு வந்தது என்று நினைக்கிறேன். மேலக் கரையில் விடியற்காலையில் கிடந்த பனி போய்விட்டது, மறதி அங்கே தரையோடு தரையாகக் கிடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் அதைக் கேள்விப்பட்டு ஒவ்வொருவராக இருட்டோடு போய் நடந்துவிட்டு வந்தார்கள், லேசான முகத்தோடு வந்தார்கள், வந்து கொடியில் காய்ந்த சின்னச் சட்டையைப் பார்த்து இது யாருடையது என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் உள்ளே போய் அழுதார்கள். பஞ்சாயத்தில் முள்வேலி போட்டார்கள். வேலியை வெட்டிவிட்டு நடந்தார்கள்.

இப்படியெல்லாம் இருந்தும் பாடத்தை நிறுத்தச் சொல்லி ஒருவரும் வரவில்லை, வந்தவர்கள் எல்லாரும் இன்னும் கொஞ்சம் நடத்தச் சொல்லித்தான் வந்தார்கள். நஞ்சைக்காரர்கள் நாலு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார்கள்.

“இந்த ஆகாயத்தாமரைக்கும் ஒண்ணு சொல்லிவிடுங்க டீச்சரம்மா. மடையை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு.”

“அது பாடத்தில் இல்லையே.”

“சேத்துக்கக் கூடாதா?”

“எழுதியவர் இறந்துவிட்டார்.”

“அவருக்குப் பிள்ளைங்க யாரும் உண்டா?” என்று கேட்டார் ஒருவர். வகுப்பில் உலகம்மாள் சிரிப்பை அடக்க மேஜைக்குக் கீழே குனிந்தாள். அவள் சத்தமில்லாமல் சிரிப்பவள், தோள் மட்டும்தான் குலுங்கும், இதை இப்போதே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

வேறு ஊர்க் கல்லூரிகளிலும் இதே கட்டுரையை நடத்தினார்கள், இதே பொருளைச் சொன்னார்கள், அங்கே ஒன்றும் போகவில்லை, இங்கேயும் அவர்களால் ஒன்றும் போகவில்லை. கண்ணால் பார்க்காத நாரை எதைக் குறித்தால் யாருக்கு என்ன. நாங்கள்தான் பார்த்துக்கொண்டே எழுதினோம்.

மிஸ் நிறுத்தப் பார்த்தார். முதல்வரிடம் போய்ச் சொன்னார். முதல்வர் கெட்டவர் இல்லை, அவருக்குக் குளமும் பிடிக்கும், ஆனால் அவர் கேட்டது ஒன்றுதான், “போர்ஷன் முடிஞ்சிருச்சா மிஸ்?” போர்ஷன் முடியவில்லை. அதனால் மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். உவமைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அல்லி இலை தட்டைப் போல மிதந்தது என்று எழுதியிருந்தால் இலைக்கும் ஆபத்தில்லை, தட்டுக்கும் ஆபத்தில்லை, இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு பத்திரமாக இருந்துவிடும். ஒன்று இன்னொன்றாகவே ஆகும்போதுதான் இரண்டில் ஒன்று போகவேண்டியிருக்கிறது என்றார் மிஸ். பனைமரத்தின் நிழல் நீரில் பாம்பைப் போல நெளிந்தது என்ற ஒரு வரியை ஒரு மாதம் நடத்தினார். நாங்கள் அந்த ஒரு வரியைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதினோம், பனையும் நின்றது, பாம்பும் இருந்தது, நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

மிச்சம் இருந்தது கடைசிப் பத்தி. அதில் ‘போல’ என்ற சொல்லே கிடையாது. அதில் ஒரு சிறுமி இருந்தாள்.

அந்தப் பத்தி எனக்கு இன்றும் மனப்பாடம். ‘நத்தை பொறுக்கிய கைகளோடு ஒரு சிறுமி நீரிலிருந்து எழுந்தாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. யாரது என்றாள் அவள், சிரித்தாள். பிறகு கரையேறி நடந்தாள். ஒற்றைத் தண்டை ஒலித்தது. ஒலி நின்ற பிறகும் குளம் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.’

அந்தச் சிறுமி எங்கள் கல்லூரி வாசலில் அவித்த கடலையும் பனங்கிழங்கும் பனையோலைக் கடாப்பெட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அவளை இங்கே கடலைக்காரம்மா என்றுதான் சொல்ல முடியும். பெயர் இருந்தது, நல்ல பெயர், நாங்கள் எல்லாரும் அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டிருக்கிறோம், அது ஏன் இப்போது என் வாயில் வராது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவள் மகள் சந்தனமாரி எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தி, அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் பெண், அம்மா வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்க மகள் வாசலுக்கு உள்ளே போவதைப் பார்க்கவே அந்தத் தெருக்காரர்கள் சும்மா அந்தப் பக்கம் வந்துபோவார்கள்.

புத்தகத்தில் தான் இருப்பது கடலைக்காரம்மாவுக்கு ரொம்பப் பெருமை. கடலை வாங்குகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள்.

“அந்த அளக்க வந்த ஐயா எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் தந்தாவ. பித்தளைத் தண்டையில ஒண்ணு சேத்துல விழுந்துட்டு. அன்னைக்கு எங்கம்மா பனமட்டையால வச்சு இழுத்த இழுப்பு இருக்கே, அதை அவரு எழுதல பாத்தியா.”

சொல்லிவிட்டுச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு கரையில் உருண்டுபோய்க் குளத்தில் விழும். இன்னொரு தண்டையை அவள் கழற்றவே இல்லை. சிறுவயதில் போட்டது, கால் பெருத்து அதோடு இறுகிவிட்டது, நடந்தால் மட்டும் உள்ளே பரல் சப்தம் கேட்கும்.

கடைசிப் பத்திக்கு வந்த அன்று மிஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை. புத்தகத்தை மூடினார்.

“இதை நான் நடத்தப்போவதில்லை.”

“பரீட்சையில் வந்தா மிஸ்?” என்றாள் உலகம்மாள்.

“வராது.”

“கடைசிப் பத்தியைக் கேக்காம எந்த ஊர்லயும் கேள்வித்தாள் எடுத்தது இல்ல மிஸ்.”

சந்தனமாரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள், ஆனால் அவள் குளத்தைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள், அங்கே அவள் அம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஊர் இதையும் தனக்குள் வாங்கிக்கொண்டது. கடலைக்காரம்மாவைப் பார்க்கிறவர்கள் பிரயாணம் போகப்போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள், இரண்டு படி கூடுதலாகக் கடலை வாங்கினார்கள், நஞ்சைக்காரர் ஒருவர் எங்க அப்பாவைப் பாத்தா நான் சுகமா இருக்கேன்னு சொல்லு என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார். “நான் எங்கய்யா போறேன்” என்றாள் அவள். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் நாங்கள் ஒன்பது பேரும் அவள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தக் கேள்வி வந்தால் எழுதாமல் விட்டுவிடுவது என்று முதலில் பேசினோம். அது கட்டாயக் கேள்வி, அதை விட்டால் தேறுவது கஷ்டம், தேறாவிட்டால் எனக்குக் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார், ஜெபமலருக்கு டீச்சர் டிரெயினிங் போய்விடும், ஆமினாவை இவ்வளவு தூரம் அனுப்பியதே பெரிது. இதையெல்லாம் ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடலையை உரித்துக்கொண்டிருந்தோம்.

“என்னட்டி எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கிய” என்றாள் கடலைக்காரம்மா. “நான் இன்னும் சாகலல்லா.”

“எழுதாம விட்டுருதோம் சித்தி” என்றாள் ஆமினா.

“எனக்காவ ஒம்பது பிள்ளைய தோத்துப்போவணுமா? எம் மவளும் சேத்தா?” அவள் ஒரு கை கடலையை அள்ளி ஆமினாவின் மடியில் போட்டாள், இன்னொரு கையை என் மடியில் போட்டாள். “நீங்க படிக்கும்போது பங்கு போட்டுத்தான படிக்கிய. நீ இந்தப் பாடம், நான் அந்தப் பாடம்னு. அதே மாதிரி எழுதுங்க. ஒரே ஆளா தூக்கினாத்தான் நான் மொத்தமா போவேன். ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கிட்டா, பெட்டி காலியானாலும் கடலை எங்க போயிரும்? உங்க மடியிலதான இருக்கும்.”

அது எங்களுக்குச் சரியாகப் பட்டது. எங்களைப் போலப் பங்கு போட்டுப் படித்தே பழகியவர்களுக்குத்தான் அது சரியாகப் பட்டிருக்கும். ஒரு பொருளுக்கு ஒரு அர்த்தம் என்றால் அது போய்விடும், எட்டு ஒன்பது அர்த்தம் என்றால் எதற்குப் பின்னால் போவது என்று தெரியாமல் நின்றுவிடும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். அங்கேயே பத்தியைப் பிரித்துக்கொண்டோம். உலகம்மாளுக்குச் சிரிப்பு, அது களங்கமில்லாத இயற்கை. ஆமினாவுக்கு நத்தை பொறுக்கிய கை, அது உழைப்பு. ராஜாமணிக்கு ‘யாரது’ என்ற குரல், அது மனிதனைப் பார்த்து இயற்கை கேட்கும் கேள்வி. ஜெபமலருக்குப் பெயர் கேட்காமல் விட்டது, அது மனிதகுலம் முழுவதற்கும் பொது. மற்ற மூவரும் ஈரப் பாவாடை, நிழல், அவள் எழுந்த நீர் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒற்றைத் தண்டை கிடைத்தது. அது மனித வாழ்வின் நிறைவின்மை என்று எழுதுவதாகச் சொன்னேன்.

“நல்லா எழுதுட்டி” என்றாள் கடலைக்காரம்மா. “மார்க்கு கொறையக் கூடாது.”

சந்தனமாரிக்கு எதுவும் மிச்சமில்லை. “நீ பொதுவா எழுது” என்றாள் உலகம்மாள். அவள் தலையை ஆட்டினாள்.

கேள்வி வந்தது. இறுதிப் பத்தியில் வரும் சிறுமி எதைக் குறிக்கிறாள், விளக்குக. பங்குனி வெயிலில் அந்தக் கூடத்தில் காற்றே இல்லை. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் எழுதினோம், எழுதியதை நம்பாமல் எழுதினோம், ஆனால் கை நன்றாகத்தான் எழுதியது, எஸ்தர் மிஸ்ஸிடம் படித்த கை. சந்தனமாரி கேள்வி எண்ணை எழுதி அடியில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டாள்.

வெளியே வந்து பார்த்தோம். கடலைக்காரம்மா இருந்தாள். பெட்டிக்குப் பின்னால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், கடலையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, நாங்கள் ஓடிப்போய் அவளைச் சுற்றி நின்றோம், ஆமினா அழுதேவிட்டாள். கடலைக்காரம்மா எங்களை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. கடலை அளக்கக் கையை நீட்டினாள், கை படியைத் தேடிக்கொண்டு அப்படியே நின்றது. சந்தனமாரி “அம்மா” என்றாள். அவள் வாயைத் திறந்தாள், அதிலிருந்து எதுவும் வரவில்லை. எழுந்து நடந்தாள், கால் சத்தமில்லாமல் தரையில் பட்டது. நாங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பார்த்தோம், நாக்குக்கு எட்டவில்லை, ஜெபமலர் மட்டும் சொன்னாள், சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது உலகம்மாள் ஏதோ நினைத்துச் சிரித்தாள், வீடே அதிர்கிற மாதிரி உருண்டு வந்தது அந்தச் சிரிப்பு, அவள் அப்பா சோற்றை விட்டு எழுந்துவிட்டார். ஆமினா அரிசி களையப் போனாள், கை பார்க்காமலே சரியாக அளந்தது. நான் கிணற்றடிக்கு நடந்தபோது என் வலது காலில் தண்டை ஒலித்தது. காலில் ஒன்றுமில்லை. குனிந்து தடவிப் பார்த்தேன், மறுபடி நடந்தேன், மறுபடியும் ஒலித்தது. நம்பி எழுதியிருந்தால் அவளிடமிருந்து போனவை நாரை போன இடத்துக்குப் போயிருக்கும். நம்பாமல் எழுதியதால் போக இடமில்லாமல் எங்களிடமே தங்கிவிட்டன. அவள் சொன்னதுபோலக் கடலை எங்கள் மடியில்தான் இருந்தது.

எழுதிய எட்டுப் பேரும் தேறினோம். எனக்கு அந்தக் கேள்விக்கு நல்ல மார்க் விழுந்தது. நிறைவின்மை என்ற அந்தப் பொருள் அவளிடம் தங்கிவிட்டது, அவள் பெட்டியில் எவ்வளவு கடலை வாங்கினாலும் கொஞ்சம் குறைகிறதே என்று வாங்கினவர்களுக்குத் தோன்றியது, பிடி கூடுதலாகப் போட்டாலும் தோன்றியது, அது நான் எழுதியது. சந்தனமாரி தேறவில்லை. ஏன் ஒன்றுமே எழுதவில்லை என்று கேட்டேன்.

“என்னன்னு எழுத. அம்மான்னு எழுதினா மார்க் போடுவாங்களா?” என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அளந்தது அவள்தான், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் பொருள் சொல்லாமல் விட்டது எல்லாம் சந்தனமாரிக்கு மிஞ்சியது: அவித்த கடலை வாடை, உட்கார்ந்த உடம்பின் பாரம், கோடையில் தலையில் போட்டுக்கொள்ளும் துணி.

எஸ்தர் மிஸ் மறு வருஷம் முதல் யாப்பிலக்கணம் மட்டும் நடத்தினார். அசை, சீர், தளை என்று எண்ணிக்கொண்டே ஓய்வு பெற்றார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை என்று பின்னால் படித்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கட்டுரையைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு ஒரு மலையைப் பற்றிய கட்டுரையைப் போட்டார்கள். அந்த மலை எந்த ஊரில் இருக்கிறதோ.

நாங்கள் கல்யாணமாகிப் போனோம், அவளும் எங்களோடு பல ஊர்களுக்குப் போனாள். மாமியார் வீட்டில் முதல் நாளே கேட்டார்கள், ஒத்தைக் காலில் என்னத்தைக் கட்டியிருக்கே என்று. ஒன்றுமில்லை என்று புடவையைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நாள் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள், நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள வசதி என்றார் என் மாமனார். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தினார்கள். செய்யுளில் வரும் குயில் எதைக் குறிக்கிறது என்று கேட்டால், குயிலைக் குறிக்கிறது என்று எழுதிப்போட்டேன். தலைமையாசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை மார்கழியில் நாங்கள் ஆனைமடைக்குப் போவது வழக்கமாயிற்று. சந்தனமாரி யாரையும் கூப்பிட்டதில்லை, ஆனால் போவோம். எட்டுப் பேரும் வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தால், ஆமினா அளக்க, உலகம்மாள் சிரிக்க, ராஜாமணி “யாரது” என்று கேட்க, நான் முன்னும் பின்னும் நடக்க, ஜெபமலர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அப்போது அவள் நிமிருவாள். முகத்தில் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். ஆரஞ்சு மிட்டாய்க் கதையை ராஜாமணியின் வாயால் அவள் சொல்லுவாள், ஊர்க்காரர்கள் கூடி நின்று கேட்பார்கள், சந்தனமாரி அந்த நேரத்தில் மட்டும் கடலை விற்கமாட்டாள், அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொள்ளுவாள். சாயங்காலப் பஸ்ஸுக்கு நாங்கள் மடையடிக்குப் போய்விடுவோம். அங்கே நின்றால் போவது கஷ்டமாக இருக்காது.

ஜெபமலர் பிரசவத்தில் போனாள், பெயர் அவளோடு போயிற்று. தகவல் வந்த அன்று நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்தப் பெயரை யோசித்துப் பார்த்திருக்கிறோம், முதல் எழுத்துக்கூட வரவில்லை. பெற்ற மகளுக்கும் வரவில்லை. ராஜாமணி பம்பாயில் பக்கவாதம் வந்து பேச்சிழந்தாள், இரண்டு குரல் ஒரே நாளில் நின்றது என்று அவள் மகன் எழுதியிருந்தான், அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. ஆமினாவின் கைகளைக் காயல்பட்டினத்தில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக. உலகம்மாள் போன ஐப்பசியில் போனாள், கடைசி மூச்சுவரை அந்தச் சிரிப்பை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று பேத்திகளுக்கெல்லாம் சிரித்துக் காட்டியிருக்கிறாள், அவர்கள் யாருக்கும் அது ஒட்டவில்லை.

கடலைக்காரம்மாவுக்கு வயது என்ன என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இப்போது இல்லை. வந்து பார்த்த டாக்டர் ஒருவர், சாவதற்கும் ஒரு முழு ஆள் வேண்டாமா என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்பட்டு, கடலை வாங்கிக்கொண்டு போனாராம். அவள் உட்கார்ந்திருக்கிறாள். சந்தனமாரிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர்கள் அக்கா தங்கை என்றுதான் நினைக்கிறார்கள், யார் மூத்தவள் என்று கேட்கிறார்கள்.

இந்த மார்கழியில் நான் மட்டும் போனேன். எனக்குச் சர்க்கரை, வலது காலில் புண் வந்து ஆறவில்லை, பெருவிரல் கறுத்துவிட்டது. திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகன் காரை மடையடியில் நிறுத்திக்கொண்டான். அவன் வெளியே இறங்கி நின்றான், அதன் பிறகு கிளம்பலாம் என்று அவசரப்படுத்தவில்லை.

சந்தனமாரி என் காலைப் பார்த்தாள், துணிக் கட்டைப் பார்த்தாள்.

“அந்தக் காலா?”

“அந்தக் கால்தான்.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“என்னன்னு சொல்ல?”

அவள் கடலையை அளந்து பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தாள். “உக்காரு. நின்னுக்கிட்டே இருக்காத.”

நான் உட்காரவில்லை. பொட்டலத்தைப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு நடந்தேன். கல்லூரிச் சுவர் முடிகிற இடம்வரை போனேன், திரும்பி வந்தேன், ஒவ்வொரு அடிக்கும் வலி இடுப்புவரை ஏறியது, ஒவ்வொரு அடிக்கும் தண்டை ஒலித்தது. கடலைக்காரம்மாவின் தலை அசைந்தது. நான் போகும் பக்கம் போயிற்று, வரும் பக்கம் வந்தது. கண்ணில் ஒன்றும் இல்லை, சிரிப்பு இல்லை, உதடுகூட அசையவில்லை, ஆனால் அவளுடைய அந்தக் கால், பெட்டிக்குப் பின்னால் நீட்டியிருந்த கால், தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது, சேற்றில் போன தண்டையைத் தேடுகிற சின்னப் பிள்ளையின் கால் மாதிரி. கல்லூரி விட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள், ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. குளத்தில் நாரையும் இல்லை, பனியும் இல்லை, வெறும் தண்ணீர் இருட்டிக்கொண்டு வந்தது.

“போதும்ட்டி” என்றாள் சந்தனமாரி. “கட்டு நனைஞ்சுட்டு. ரத்தம் வருது.”

“இன்னும் ஒரு தடவை” என்றேன்.

அந்த ஒரு தடவைக்குப் பிறகு இன்னும் ஒரு தடவை நடந்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை. மகன் வந்து தூக்கிக்கொண்டான், காரில் உட்காரவைத்தான், காலைத் தூக்கி மேலே வைத்தான். கார் கரையில் திரும்பும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சந்தனமாரி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ஒலி நின்ற பிறகும் நான் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.